கரி பட்ட இடத்தில் மட்டும்



குமாவூன் மலைக்காட்டில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1907-இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக அவருக்கு லண்டன் ரிக்பி கம்பெனியின் ரைபிள் ஒன்று பரிசாகக் கிடைத்தது. அத்தகைய ரைபிளின் இரும்பைத் தாங்குவது அக்ரூட் மரக்கட்டை.

அதைக் கையால் செய்வது லேசான வேலையல்ல. அறுத்த மரத்தை ஆண்டுக்கணக்கில் காயவைப்பார்கள். ஈரம் இருந்தால் பின்னால் முறுக்கிக்கொள்ளும். கை பிடிக்கும் ஒடுங்கிய பகுதியில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் அங்கேதான் ஒடியும்.

பிறகு இரும்பின் அடியில் விளக்குக் கரியைப் பூசி, மரத்தில் பதித்து எடுப்பார்கள். கரி ஒட்டிய இடமே இடிக்கும் இடம். அங்கே மட்டும் உளியால் மெல்லிய சீவல். மறுபடியும் கரி, மறுபடியும் சீவல். அவசரப்பட்டு அதிகம் குடைந்தால் இடைவெளி விழும்; சுடும்போது இரும்பு பின்னுக்கு உதைத்துக் கட்டை பிளந்துவிடும். சீவியதைத் திரும்ப ஒட்டமுடியாது.

மரம் சீவும் உங்களுக்கு இது புதிதல்ல. கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும் என்பது உங்கள் கைக்கே தெரியும்.

ஆனால் பிள்ளை ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால், "நீ உருப்படமாட்டாய்" என்று ஆளையே செதுக்கிவிடுகிறோம். வாத்தியாரான நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை அதன்பிறகு என்னிடம் சந்தேகம் கேட்கவே வரவில்லை.

கரி பட்ட இடத்தை மட்டும் திருத்துவோம்.