தொடங்காத ஏழு ஆண்டுகள்

இந்தியக் குடிமகனை மணந்தவர் எப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டால், சட்டம் அறிந்தோர் "ஏழாண்டு பொறுங்கள்" என்பர். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவு சொல்வதும் அதுவே: விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் இடைவிடாமலும், அதற்கும் முந்தைய எட்டாண்டுகளில் ஆறாண்டுகளேனும் இங்கே வசித்திருக்க வேண்டும். ஆக, காலமறிந்து விண்ணப்பிப்பதுதான் சூட்சுமம் என்று நம்மை நம்பவைக்கிறார்கள். இந்த நம்பிக்கையை நாம் ஏற்கவில்லை.

நெமிலி 2019 வரை அடங்கியிருந்த பழைய வேலூர் மாவட்டத்தில், மேல்மொணவூரிலும் ஆம்பூரை அடுத்த மின்னூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. அத்தகைய முகாமொன்றிலிருந்து ஒரு பெண் நெமிலிக்கு வாழ்க்கைப்படுகிறாள் என்று கொள்வோம். 1990இல் தாயின் மடியில் படகேறி வந்தவள், கடவுச்சீட்டு இல்லை. 2003இல் நிறைவேறி 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அவளுக்குச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று பெயர் சூட்டி, திருமணவழிப் பதிவையும் அடைத்துவிட்டது. அவளைப் பதிவேட்டில் எழுதியதும், அடையாள அட்டையும் உதவித்தொகையும் தந்ததும் அரசுதான். இருந்தும் முப்பதாண்டு கழிந்தாலும் அவளுக்கு ஏழு ஆவதில்லை.

இதனினும் கொடிது பிள்ளைகளின் நிலை. அதே தேதி முதல் இங்கே பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் இந்தியனாயிருப்பது மட்டும் போதாது. தாய் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலாகாது. 2004 நவம்பரில் பிறந்த அக்காள் இந்தியக் குடிமகள். 2006இல் பிறந்த தம்பி பிறப்பால் குடிமகன் அல்லன். ஒரே வீடு, ஒரே தகப்பன், ஒரே ரேஷன் கடை!

போலித் திருமணங்கள் பெருகிவிடும் என்கிறார்கள். அதற்கென்றே ஏழாண்டு நிபந்தனை இருக்கிறதே? குழந்தையாய் வந்து இங்கேயே வளர்ந்தவள் யாரை ஏமாற்ற மணம் புரிகிறாள்? 'அகதி' என்ற சொல்லைக் கவிதையில் கண்டால் உருகுகிற நாமும் இந்தப் பிரிவின் எண்ணைக் கற்றுக்கொள்ள முனைந்ததில்லை என்பது வேறு கதை.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு இப்பெயரை நீக்கியது; இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு இன்மைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தார்கள். சிறை இல்லை என்றார்கள். குடிமகள் என்று சொல்லவில்லை. முகாமில் பதிவான நாளையே வசிப்பின் முதல் நாளாகக் கொள்ளும் ஒற்றை வரியைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை; மதம் கேட்காமல்.