வொட் எது, அலகு எது என்று தெரியாமல் வியாபாரமா?

அரிசியைக் கிலோவிலும் துணியை மீற்றரிலும் கேட்டு வாங்கும் எமது மக்கள், குளிரூட்டி வாங்கும்போது மாத்திரம் "இது கரண்ட் குறைவா?" என்ற ஒரேயொரு கேள்வியோடு நிறுத்திக் கொள்கிறார்கள். "நல்லாக் குறையும், இது சேவிங் மெசின்" என்று விற்பனையாளர் சொன்னதும் வியாபாரம் முடிந்து விடுகிறது. எதனை விடக் குறைவு, எத்தனை அலகு குறைவு என்று வாங்குபவர் கேட்பதில்லை. விற்பவருக்கும் பல வேளைகளில் அது தெரிவதில்லை.

மின்கட்டணம் மலிவாக இருந்த காலத்தில் இது பெரிய விடயமாகத் தோன்றவில்லை. ஆனால் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கட்டணம் உயர்த்தப்பட்டதை எந்தக் கடைக்காரரும் மறந்திருக்க மாட்டார். அதன் பின்னர் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. ஒரு மின்சாதனத்தின் விலை இன்று கடையில் கொடுக்கும் பணத்தோடு முடிவதில்லை. மாதாமாதம் பில்லோடு சேர்ந்து வருகிறது. ஆகவே, அச்சாதனத்தைப் பற்றி நாம் பாவிக்கும் சொற்கள் சரியாக இருக்க வேண்டும்.

சக்தி, வலு, வினைத்திறன் என்ற மூன்றும் எமது பாடசாலைப் புத்தகங்களில் வெவ்வேறு சொற்கள். ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்துக் கொள்வோம். வலு அதன் வேகத்தைப் போன்றது. சக்தி அது ஓடி முடித்த தூரத்தைப் போன்றது. வொட் என்பது வலு. பில்லில் வரும் அலகு என்பது சக்தி. 1,000 வொட் சாதனம் ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் ஓர் அலகு செலவாகும். கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு பயன் கிடைக்கிறது என்பதே வினைத்திறன்.

ஆனால் பத்திரிகைச் செய்திகளிலும் அமைச்சுக்களின் பெயர்களிலும் மின்வலு, மின்சக்தி, எரிசக்தி, வலுசக்தி என்பன மாறிமாறி வருகின்றன. இந்தியத் தமிழ் வழிகாட்டிப் பிரசுரங்கள் கைக்குக் கிடைத்தால் குழப்பம் இன்னும் கூடும். நாம் வலு என்பதை அவர்கள் திறன் என்பார்கள். எமது குதிரைவலு அங்கு குதிரைத்திறன். "திறன் அதிகம்" என்று அங்கு எழுதப்பட்டால் வொட் அதிகம் என்பதே பொருள். எமது பாவனையாளரோ அதை வினைத்திறன் அதிகம், அதாவது மின்செலவு குறைவு என்று விளங்கிக் கொள்வார்.

சிக்கனத்தையும் வினைத்திறனையும் கூட நாம் ஒன்றாக்கி விடுகிறோம். ஆளில்லாத அறையில் மின்விசிறியை நிறுத்துவது சிக்கனம். அதே காற்றைக் குறைந்த மின்சாரத்தில் தரும் மின்விசிறியை வாங்குவது வினைத்திறன். முதலாவது பாவனையாளரின் கையில் இருக்கிறது. இரண்டாவது நாம் விற்கும் சரக்கில் இருக்கிறது. சரக்கின் குறையை மறைத்துவிட்டு, "நீங்கள் பாவிக்கும் விதம்தான் சரியில்லை" என்று வாடிக்கையாளர் மீது பழியைப் போடுவது நியாயமல்ல.

இனி பி.டி.யூ. கணக்கைப் பார்ப்போம். 12,000 பி.டி.யூ. என்பதை ஒரு தொன் என்கிறோம். ஒரு நாளில் 2,000 இறாத்தல் ஐஸ் உருகுவதற்குத் தேவையான வெப்பத்தை வைத்து வந்த பழைய கணக்கு அது. மெசின் அறையிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பதையே அது சொல்கிறது. எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதை அது சொல்வதில்லை. பி.டி.யூ.வை வொட்டால் பிரித்தால் வருவதே ஈ.ஈ.ஆர். எனும் வினைத்திறன் விகிதம். 12,000 பி.டி.யூ. மெசின்கள் இரண்டில் ஒன்று 1,200 வொட்டும் மற்றது 1,000 வொட்டும் எடுத்தால், முதலாவதின் விகிதம் 10, இரண்டாவதின் விகிதம் 12. இரண்டும் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடினால், 300 நாட்களில் வித்தியாசம் 480 அலகுகள். உங்கள் கடையின் அலகு விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள்.

'இன்வேர்ட்டர்' என்பதும் மந்திரச் சொல் அல்ல. அறை குளிர்ந்த பின்னர் கொம்பிரசரின் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதே அதன் வேலை. கதவு எந்நேரமும் திறந்திருக்கும் கடையில் சிறிய இன்வேர்ட்டர் மெசினைப் பூட்டினால், வேகம் குறைவதற்கு அதற்கு வாய்ப்பே கிடைக்காது.

நட்சத்திரங்களைப் பார்ப்பவர்கள் நாட்டையும் வருடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாட்டின் அளவுகோலும் வேறு. இந்தியாவில் 2022 ஜூலையில் குளிரூட்டிகளுக்கான விதி இறுக்கப்பட்டபோது, முன்னர் 5 நட்சத்திரம் பெற்றவை 4 ஆக இறங்கின. ஐரோப்பாவில் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு இருந்த ஏ பிளஸ் குறிகள் 2021 மார்ச்சில் நீக்கப்பட்டன. பழைய ஸ்டிக்கரோடு வரும் சரக்கைப் புதிய தரமென்று விற்கக் கூடாது.

பிளக்கில் செருகும் 'பவர் சேவர்' பெட்டிகள் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய இணைப்புள்ள நிறுவனங்கள் கே.வி.ஏ. கேள்விக்கும் தனியாகக் கட்டணம் செலுத்துவதால், கபசிற்றர் தொகுதி அவர்களுக்குப் பயன் தரலாம். வீட்டு மீற்றர் கணக்கிடுவது அலகை மாத்திரமே. அந்தப் பெட்டியால் வீட்டு பில் குறையும் என்று விற்பது காற்றை விற்பதற்குச் சமம்.

கட்டடத்திலும் இதே கதைதான். வினைத்திறனான கட்டடங்களுக்கான நடைமுறைக் கோவை 2008இல் இங்கு வெளியானது. ஆனாலும் எமது ஊர்களில் மேற்கு வெயிலுக்கு முழுக் கண்ணாடி போட்டு, வெப்பக் காவலி இல்லாத தகரக் கூரையின் கீழ் "எத்தனை பி.டி.யூ. போதும்?" என்று கேட்கிறோம். வெப்பம் உள்ளே வருவதை முதலில் நிழலாலும் காவலியாலும் குறைக்க வேண்டும். அதன் பிறகே மெசினின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். கட்டும்போது செய்யும் இந்தச் செலவு ஒரு தடவையோடு முடிந்து விடும். பில் முடிவதில்லை.

வர்த்தகர் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியமல்ல இது. தராசில் ஒரு கிராம் குறைந்தாலும் கேவலமாகக் கருதும் எமது வர்த்தக சமூகம், சொல்லில் குறைப்பதையும் அவ்வாறே கருத வேண்டும். குளிரூட்டி விற்கும் ஒவ்வொரு கடையும் பி.டி.யூ., வொட், வினைத்திறன் விகிதம் ஆகிய மூன்று எண்களையும் தமிழிலோ சிங்களத்திலோ பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். கடைப் பையன்களுக்கு அவற்றின் பொருளைச் சொல்லிக் கொடுக்க அரை நாள் போதும். எழுதிக் கொடுக்காத கடையில் வாங்குவதில்லை என்று பாவனையாளரும் தீர்மானித்தால், "சேவிங் மெசின்" என்ற ஒற்றைச் சொல்லில் நடக்கும் வியாபாரம் தானாகவே நின்றுவிடும்.