சுட்டது ஒளி, குற்றவாளி தோலா?

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், கன்னத்தில் சுட்ட தழும்போடு என் முன்னால் வந்து நின்றாள் தென்காசி மாணவி ஒருத்தி. முகத்து முடியை லேசரில் எடுக்கப் போன இடத்தில் நேர்ந்தது. “என் ஸ்கின்தான் சரியில்லையாம், மேம்” என்றாள். சுட்டவர்களே சொல்லி அனுப்பிய பாடம் அது.

தோலில் என்ன குற்றம்? முடியிலுள்ள மெலனினைத் தேடிப் போகிற ஒளி, கருந்தோலிலுள்ள மெலனினையும் சுடும். அதனால் அலைநீளமும் ஆற்றலும் தோலுக்கேற்ப மாற வேண்டும். தோல் வகைகளைப் பிரித்து 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் போட்ட அட்டவணையே வெள்ளைத் தோலுக்கானது. நம் நிறங்கள் பிறகுதான் அதில் இடம்பெற்றன. புருவத்தருகே பாயும் லேசர் கண்ணையும் கெடுக்கும். இமையை மூடிக்கொண்டால் போதாது.

குற்றாலத்தில் பெண்கள் பக்கம் போய்ப் பாருங்கள். ஈரத்தில் முடி ஒட்டிய கைகால்களோடு கூச்சமின்றி நிற்கிறோம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அதே முடி அவமானமாகிவிடுகிறது. அதற்குப் பின்னால் சினைப்பைக் கோளாறு இருக்கலாம் என்று மருத்துவரிடம் அழைத்துப்போக மட்டும் வீட்டில் யாருமில்லை.

எடுப்பதும் விடுவதும் நம் விருப்பம். எடுப்பதென்றால் கேளுங்கள்: தோல் மருத்துவர் எங்கே? சிறு இடத்தில் சோதித்தீர்களா? கண்ணுக்குக் கவசம் எங்கே? பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முடி காத்திருக்கும்.