மலையகத்தின் பசி விலைவாசியோடு வந்ததல்ல

2022 இல் நாடு வங்குரோத்து அடைந்தபோது, பட்டினி என்ற சொல் கொழும்புக்குப் புதிதாக இருந்தது. பொருளாதாரத் தடையையும் முள்ளிவாய்க்கால் கஞ்சியையும் கண்ட எங்களுக்கு அது புதிதல்ல. மலையகத்துக்கும் புதிதல்ல. 1970களின் முற்பகுதியில் பங்கீட்டு மா குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அந்தக் காலத்திலும் 1977 வன்செயலின் பின்னரும் வன்னிக்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் 2009 இல் எங்களோடு பதுங்குகுழிகளில் இருந்தார்கள். ஆகவே இதை வேறொரு மக்களின் பிரச்சினையாக என்னால் எழுத முடியவில்லை.

2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அவ்வாண்டு ஐ.நா. நிறுவனங்கள் செய்த மதிப்பீட்டில் நகரம், கிராமம் இரண்டையும் விட மோசமாக இருந்தது தோட்டப்புறமே. ஆனால் 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாட்டில் 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம். அப்போது உரத்தடையும் இல்லை, டொலர் தட்டுப்பாடும் இல்லை.

2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அது முழுப்பேருக்கான சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். வரட்சி மாதங்களில் வேலை நாட்களே குறைகின்றன. கடைக்கடன் ஏறுகிறது, காலையும் ரொட்டி, இரவும் ரொட்டி. மரக்கறி விளையும் நுவரெலியாவிலேயே பிள்ளையின் தட்டில் மரக்கறி இல்லை!

நெருக்கடியில் வடக்கில் பலருக்கு வளவில் ஒரு முருங்கை, நாலு கோழி, வெளிநாட்டில் ஒரு சகோதரன் இருந்தான். எல்லோருக்கும் அல்ல, ஆனால் பலருக்கு. லயன் அறைக்காரருக்கு வாசலுக்கு வெளியே உள்ளது தோட்டத்தின் மண். 1992 இல் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டதும் முகாமைத்துவமும் குத்தகையும்தான், நிலம் அரசுடையது. பல தோட்டங்களில் தேயிலை காடாகிக் கிடக்கிறது. அதில் மரவள்ளி நட்டால் அத்துமீறல் என்கிறார்கள்.

ஒவ்வொரு தேர்தலிலும் பேசப்படுவது சம்பளத் தொகை மட்டுமே. வீட்டுத்திட்டம் தந்த ஏழு பேர்ச்சில் வீடு கட்டினால் ஒரு கறிவேப்பிலை மரத்துக்குத்தான் இடம் மிஞ்சியது. எந்தத் தோட்டத்தில் எவ்வளவு நிலம் தரிசாகக் கிடக்கிறது என்ற பட்டியலை அரசாங்கம் முதலில் பகிரங்கப்படுத்தட்டும். அதை வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்களும் கேட்கலாம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்களுக்கு வாக்களிப்போரில் மலையக வம்சாவளியினரும் இருக்கிறார்கள்.