படகேறும் முன் லைஃப் ஜாக்கெட்



பள்ளி விடுமுறையில் ஆற்றுப் படகில் மின்மினி பார்க்கக் கோத்தா திங்கிக்குச் செல்லும் நம் வட்டாரக் குடும்பங்கள், படகுத்துறையில் கட்டணத்தைக் கேட்கும் முன் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்க வேண்டும். அமைதியான ஆறுதானே, கரையும் பக்கம்தானே என்பார்கள். கேரளத்தின் தேக்கடி நீர்த்தேக்கமும் அமைதியானதுதான். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று அதே கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகை மாற்றியமைத்த உல்லாசப் படகு. கரை தூரமில்லை, ஆனால் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். இதையெல்லாம் அதிகாரிகள் கவனிக்கட்டும் என்பதும் நியாயமே. ஆனால் படகு புறப்படும் அந்த நேரத்தில் படகுத்துறையில் நிற்பது நாம்தான். பிள்ளையின் உடம்புக்கு ஏற்ற அளவில் ஜாக்கெட் உண்டா, அதன் கொக்கி பூட்டுகிறதா, படகு எத்தனை பேருக்கானது என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

வாசகர்,
சிம்பாங் ரெங்கம், ஜொகூர்