மீனுக்கு முன்னால் தண்ணீர்!



இந்த ஆண்டு நம் மாணவர் பேரவைக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. கல்லூரி வரவேற்பறையில் சிறியதாக ஒரு கடல் மீன் தொட்டி வைப்பது. ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினரை விட்டு அதைத் திறந்து வைப்பது. "தூத்துக்குடியில இருந்துக்கிட்டு இதுகூட முடியாதா? ஒரே வாரத்துல முடிச்சிரலாம்" என்றார் ஒருவர். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. "ஏம்ல, உனக்கு மட்டும் என்ன?" என்று பக்கத்தில் இருந்த நண்பன் முழங்கையால் இடித்தான். அன்று அவனுக்குச் சொல்லாத பதிலை இந்த மலரில் சொல்கிறேன்.

நான் ஏற்கெனவே வீட்டில் தொட்டி வைத்து இரண்டு கோமாளி மீன்களைக் கொன்றவன்!

முதலாம் ஆண்டு கோடை விடுமுறை. 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. 3 கன அடி, அதாவது சுமார் 85 லிட்டர். காலையில் தொட்டி வந்தது. மத்தியானம் தெரிந்த அண்ணன் ஒருவர் வள்ளத்தில் போய்க் கொண்டுவந்த கடல் தண்ணீர், 20 லிட்டர் கேனில் நாலு கேன். சாயங்காலம் மீன். ஒரே நாளில் கடலை வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்ட பெருமை எனக்கு!

ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது போல என்று இன்னும் தீனி போட்டேன். எட்டாம் நாள் இரண்டும் அடியில் கிடந்தன. தண்ணீர் மட்டும் பளிங்கு மாதிரிதான் இருந்தது. எட்டிப் பார்த்த தாத்தா சொன்னார்: "ஏலே, தண்ணி தெளிஞ்சிருந்தா போதுமா? அதுக்கு உசிரு இருக்க வேண்டாமா?"

அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தாத்தா சொன்னது அறிவியல் என்று தெரிந்தது.

மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரில் அமோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அந்த அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். இதை, அளவு மீறாத வரை, மீன் தாங்கிக்கொள்ளும். கடலில் கல்லிலும் மணலிலும் இந்தப் பாக்டீரியாக்கள் அப்பிக் கிடக்கின்றன. புதுத் தொட்டியில் அவை வேண்டிய அளவுக்குப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் கொடுத்த அவகாசம்... ஒரு மத்தியானம்!

ஆகவே புதிதாக ஆரம்பிப்பவர் முதலில் வளர்க்க வேண்டியது மீனை அல்ல, தண்ணீரை! கல், மணல், உப்புத் தண்ணீர், அதைச் சுழற்ற ஒரு பம்ப். இவற்றோடு துளி அமோனியம் குளோரைடு. அவ்வளவுதான். அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை சோதித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மீன். அதுவும் ஒன்றோ இரண்டோ.

"சின்னத் தொட்டிதானே, சுலபம்" என்பார்கள். நேர் எதிர்! வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 1 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். ஒரு வாரத்தில் 85 லிட்டர் 78 லிட்டர் ஆகிவிடும். உப்பு ஆவியாகாது. லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 38 கிராம் ஆகிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நானோ கடல் தண்ணீரையே ஊற்றினேன்!

நம் ஊர் உப்பளத்து உப்பைக் கரைத்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். போதாது. கடல் உப்பில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து நூற்றுக்குச் சுமார் 85 பங்குதான். மிச்சத்தில்தான் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் இருக்கின்றன. உப்பளத்தில் இவற்றில் பெரும்பகுதியைப் பிரித்துவிட்டுத்தான் உப்பை வாருகிறார்கள். மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பு வேண்டும்; இல்லாவிட்டால் கரையை விட்டுத் தள்ளி, சுத்தமான இடத்தில் எடுத்த கடல் தண்ணீர் வேண்டும். அளந்து பார்க்க நம் லேபில் பேட்டரிக்கு வைத்திருக்கும் ஹைட்ராமீட்டர் உதவாது. அதன் அளவு 1.100-க்குப் பக்கத்தில்தான் தொடங்கும். நமக்கு வேண்டியது 1.025!

இனி என் முக்கியமான ஆட்சேபணைக்கு வருகிறேன். அன்றைய கூட்டத்தில் இன்னொருவர் சொன்னார்: "தீவுப் பக்கம் போற ஆள்கிட்ட சொன்னா, உயிருள்ள பவளக்கல் நாலு எடுத்துத் தருவாங்க. அதைப் போட்டா ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்." அந்தக் கல்லில் பாக்டீரியா நிறைந்திருப்பது உண்மைதான். ஆனால் நண்பர்களே, என் தாத்தா 1970-களில் பவளக்கல் வெட்டப் போனவர். வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாசலில் போட்டார்கள். அன்று அது வயிற்றுப் பாடு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதன் விளைவு என்ன? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று கடலுக்கு அடியில்! பவளத்தை வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

2001 முதல் கல் பவளங்களும் கடல் குதிரைகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பது குற்றம். சட்டம் கிடக்கட்டும், நியாயத்தைப் பாருங்கள். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கிறது. ஆறு வாரம் காத்திருக்க நமக்கு முடியாது என்பதற்காக, அறுபது வருடம் வளர்ந்ததைப் பெயர்த்து வருவதா? தாத்தாவுக்குப் பசி இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது? அவசரம்தானே!

பொறுமையில்லாத என்னால் வீட்டில் இரண்டு மீன் செத்தது. அதே பொறுமையின்மை கல்லூரியில் வந்தால் கடலில் ஒரு பாறை சாகும். இதற்குத்தான் நான் கை தட்டவில்லை.

அப்படியானால் தொட்டியே வேண்டாமா? வேண்டும்! கடையில் கிடைக்கும் செயற்கைக் கல்லைப் போடுவோம். நுண்ணிய துளைகள் இருந்தால் பாக்டீரியா அதிலும் குடியேறும். மீனையும் கடலில் பிடித்ததாக வாங்க வேண்டாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. அப்படிப் பண்ணையில் பிறந்த குஞ்சுகளைக் கேட்டு வாங்குவோம்.

இயந்திரவியல் நண்பர்கள் நூறு கிலோவுக்கு மேல் தாங்கும் ஸ்டாண்டு செய்யட்டும். எங்கள் மின்னியல் துறை இ.எல்.சி.பி.யும், கரண்ட் போனால் பம்ப் நிற்காமல் இருக்க இன்வெர்ட்டரும் பொருத்தித் தரும். முதலாம் ஆண்டு தம்பிகள் வேதியியல் லேபில் தினமும் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதட்டும். செமஸ்டர் விடுமுறையில் யார் வந்து பார்ப்பது என்பதையும் இப்போதே பெயர் போட்டு எழுதி வைப்போம். அந்தப் பட்டியல் நிரம்பாவிட்டால் தொட்டியே வேண்டாம்!

ஆண்டு விழாவா? சிறப்பு விருந்தினர் வெறும் தண்ணீரைத் திறந்து வைக்கட்டுமே! "எங்கேப்பா மீனு?" என்று கேட்பார்கள், சிரிப்பார்கள். சிரிக்கட்டும். "அடுத்த செமஸ்டர்ல வரும் சார், இப்ப தண்ணி வளர்ந்துக்கிட்டு இருக்கு" என்று தலை நிமிர்ந்து சொல்வோம்.

அன்றைக்கு நானும் கை தட்டுவேன்!

- மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் துறை