சவரக்கத்தியும் பிரயாண வாரும்

முகம் மழித்துக் கொள்வதில் மூன்று கட்சிகள் உண்டு. பாதுகாப்பு ரேஸரில் பிளேடைச் செருகிக் கொள்வோர் ஒரு கட்சி. மின்சார யந்திரத்தை நம்பியிருப்போர் மற்றொரு கட்சி. பழைய மடக்குக் கத்தியை விட்டொழிக்க மனமில்லாதோர் மூன்றாவது கட்சி. இந்த மூன்றாவது கட்சி மிகச் சிறியது. நாம் அதில் இருக்கிறோம் என்பதைச் சற்றுக் கூச்சத்துடன் ஒப்புக் கொள்கிறோம்.

வீட்டில் இருக்கும் வரையில் இந்தக் கட்சியாருக்கு ஒரு குறையும் இல்லை. ஜன்னல் கம்பியில் தோல் வார் தொங்கும். காலையில் கத்தியை அதன்மேல் முப்பது தரம் முன்னும் பின்னுமாகத் தடவினால் போதும். சாணைக்கல்லை அடிக்கடி தேட வேண்டியதில்லை. ஊருக்குப் புறப்படும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. கத்தி கைக்கு அடங்கியது. இரண்டடி வாரை என்ன செய்வது? போகிற இடத்தில் அதை மாட்டக் கொக்கி இருக்குமா?

நாலு நாளைக்கு வார் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று நேயர்கள் கேட்கலாம். ரோமம் எஃகைக் காட்டிலும் ஏறக்குறைய ஐம்பது மடங்கு மிருதுவானது. ஆயினும் அந்த மிருதுவான ரோமமே எஃகின் கூரைக் கெடுத்து விடுகிறது. அமெரிக்காவில் மாஸசூஸட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர் சிலர் சவர பிளேடுகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பரிசோதித்து, ரோமம் வளைந்து மோதும்போது விளிம்பு சிறு சில்லுகளாகப் பெயர்வதுண்டு என்று 2020-இல் வெளியிட்டார்கள். பெயர்ந்ததை வார் ஒட்ட வைக்காது. அதற்குக் கல்தான் வேண்டும். ஆனால் சாய்ந்த விளிம்பை நிமிர்த்தி மெருகேற்றுவது வாரின் வேலை. அந்த வேலையை நாள்தோறும் செய்தால் கல்லுக்குப் போகும் நாள் தள்ளிப் போகும்.

சென்ற சித்திரையில் நீலகண்டப் பிள்ளையார் கோவில் திருவிழாவுக்காகப் பேராவூரணிக்குப் போயிருந்தோம். பல வருஷம் மூடிக் கிடந்து, 2019-இல் அகலப் பாதையாக உயிர் பெற்ற திருவாரூர் - காரைக்குடி ரயிலில்தான் பிரயாணம். புறப்படுவதற்கு முன் பட்டணத்துக் கடை ஒன்றில், "பிரயாணத்துக்கென்றே செய்தது" என்று விற்பனையாளர் சத்தியம் செய்த வார் ஒன்றை வாங்கினோம். பட்டுப் போல் மிருதுவாக இருந்தது. சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கியது. விலை மட்டும் அடங்கவில்லை.

மறு நாள் காலை நண்பர் வீட்டுக் கிணற்றடியில் அதன் ஒரு நுனியை ஆணியில் மாட்டி, மறு நுனியைப் பிடித்து இழுத்துத் தீட்டினோம். வார் இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டு, நடுவில் தொட்டில் போல் தொய்ந்தது. தொய்ந்த தோலில் உரசிய கத்தியின் கூர் உருண்டு போயிற்று. அதன் பலன் நம் தாடையில் இரண்டு இடங்களில் சிவப்பாகத் தெரிந்தது.

நண்பர் அனுதாபப்பட்டு, அவ்வூர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார். ஐம்பது வருஷம் சவரத் தொழில் செய்தவர் அவர். நம் வாரை விரலால் நெருடிப் பார்த்தார், வளைத்தார், முகர்ந்தார். பிறகு கத்தியைத் துடைத்துக் கொண்டு, இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் முன்னும் பின்னும் மெல்லத் தடவினார். நமக்கு மூச்சே நின்றுவிட்டது.

"எங்க அப்பா அடைப்பத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போவாருங்க ஐயா. எந்த வீட்டிலே கொக்கி தேடுறது? கைதான் வாரு. கத்தி கூராகிறது தோலாலே மட்டும் இல்லீங்க, கை அழுத்தாம இருக்கணும்" என்றார் பெரியவர்.

நேயர்கள் யாரும் இதை வீட்டில் பரீக்ஷை செய்ய வேண்டாம். அந்த உள்ளங்கை ஐம்பது வருஷப் பழக்கத்தில் பதமானது. நமக்கு வார்தான் வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட வார் என்பதை அன்று அவரிடமே கற்றோம்.

முதலாவது, தோல். இக்காலத்தில் மிகுதியாகக் கிடைப்பது குரோமிய உப்பில் பதனிட்ட தோல். அது மென்மையாக இருக்கும். ஆனால் இழுத்தால் நீளும். வாருக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே சாம்பல் கலந்த நீலம் தெரிந்தால் அது குரோமியத் தோல், முழுவதும் ஒரே பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். இதற்காகச் சீமைச் சரக்கைத் தேட வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் ஊறிக் கடுக்காயில் பதம் பெற்ற நம் நாட்டுத் தோல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து கப்பலேறி, 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயருடன் லண்டன் சந்தையில் மதிப்புப் பெற்றிருந்தது. நாம் கடையில் ஏமாந்த அந்த வாரைக் காட்டிலும், பேராவூரணிக் கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் கிடைத்த பட்டைத் தோல் துண்டு எவ்வளவோ மேலாக இருந்தது.

இரண்டாவது, வாரைத் தொங்க விடக் கூடாது. பலகையில் ஒட்டிவிட வேண்டும். தொய்வதற்கு இடமிருக்காது, கொக்கியும் வேண்டாம். கத்தியின் அலகு ஏறக்குறைய மூன்று அங்குலம். ஆகவே பலகை எட்டு அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் இருந்தால் போதும். அகலம் இரண்டரையானாலும் பாதகமில்லை. கத்தியைச் சாய்வாக இழுத்துச் சென்றால் அலகு முழுவதும் தோலில் படும். ஒரு பக்கம் தோலும் மறு பக்கம் முரட்டுக் கதரும் ஒட்டிக் கொள்வது உத்தமம். முதலில் கதரில் பத்துத் தரம், பிறகு தோலில் முப்பது தரம். கத்தியின் முதுகு முன்னே செல்ல, கூர் பின்னே வர வேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். கூரின்மேல் புரட்டினால் கத்தியும் போயிற்று, வாரும் போயிற்று.

மூன்றாவது, பராமரிப்பு. கத்தியை நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே வாரில் வைக்க வேண்டும். கடற்காற்று வீசும் ஊர்களில் அலகுக்கு ஒரு துளி எண்ணெய் அவசியம். தோலுக்கோ அதிக எண்ணெய் ஆகாது, தினமும் சுத்தமான உள்ளங்கையால் தேய்த்தால் போதும். மழைக் காலத்தில் பூஞ்சணம் பூக்காமல் காற்றாட வைக்க வேண்டும். ஆகாய விமானத்தில் போவோர் கத்தியைக் கைப்பையில் வைக்கக் கூடாது. ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். வாரை மறந்து புறப்பட்டவர்கள் தினசரித் தாளை நாலாக மடித்துப் பலகைமேல் விரித்துத் தீட்டிச் சமாளிக்கலாம்.

பலகைக்கு நாம் அலையவில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியபோது, கடைமடைப் பிரதேசமான அவ்வட்டாரத்தின் தென்னந்தோப்புகள் பெருவாரியாகச் சாய்ந்தன. நண்பர் தோப்பில் விழுந்த மரமொன்றின் அடித்துண்டு கொல்லையில் உலர்ந்து கிடந்தது. ஆசாரி அதன் வைரம் பாய்ந்த புறப்பகுதியை அறுத்து இழைத்துக் கொடுத்தார். அதில் பெரியவர் தம் கையாலேயே தோலை ஒட்டினார். கூலி கேட்டோம். "வேணாங்க, ஊருக்குப் போயி நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதுங்க, போதும்" என்றார். இதோ எழுதிவிட்டோம்.

பெரியவருடைய புதல்வர் கடைத்தெருவில் ஸலூன் வைத்திருக்கிறார். அங்கே வாரும் இல்லை, சாணைக்கல்லும் இல்லை. ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு. காரியம் முடிந்ததும் எறிந்து விடுகிறார்கள். ஒருவர் இரத்தம் பட்ட கத்தி மற்றொருவர் முகத்தில் பட்டால் மஞ்சட்காமாலைக் கிருமி முதலியன பரவும் என்பதை உலகம் அறிந்த பிறகு, இதைக் குறை சொல்ல முடியாது. மடக்குக் கத்தி இனிமேல் ஒருவர் தமக்கென்று மட்டும் வைத்துக் கொள்ளத் தக்க பொருள்.

புறப்படும் நாளன்று பெரியவர் மற்றொன்றும் சொன்னார். அவர் தகப்பனார் காலத்தில் அடைப்பம் எல்லாத் தெருவுக்கும் போகவில்லையாம். போகக் கூடாதென்பது ஊர்க் கட்டு. மீறினால் களத்துமேட்டில் அவருக்கு அளக்கிற நெல் நின்றுவிடும். மகாத்மா காந்தி பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார நாவிதர் ஒருவரால் மறுக்கப்பட்டு, தாமே தம் தலைமுடியைக் கத்தரித்துக் கொண்ட கதையை நேயர்கள் அறிவார்கள். அந்த நாவிதர்மேல் அவர் கோபிக்கவில்லை. நம் ஊரில் நம்மவருக்கு நாம் செய்வதன் பலனே இது என்று தம் சுயசரிதையில் எழுதினார். இன்றும் சில கிராமங்களில் ஸலூன் நாற்காலி மறுக்கப்படுவதாகச் செய்தி வருகிறது.

புதல்வரின் கடையில் மூன்று நாற்காலிகள். முதலில் வந்தவர் முதலில் உட்காருகிறார்; எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. பெரியவர் அந்த வாசலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். அவர் செய்து கொடுத்த வார் நம் பெட்டியில் இருக்கிறது. தாடையில் காயமில்லை.